நாலு பேரைக் கொடுத்து ஒரு கோலி

நல்ல பந்தாட்டக்காரர் நால்வரைக் கொடுத்துவிட்டு, குனியத் தெரியாத ஒரு கோலியை, அதாவது கோல் காப்பவரை, வாங்கியவன் நான். இதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நான் மறைத்தாலும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

அந்த மாற்று நமக்கு லாபம் என்று சொன்ன மனிதர் இலங்கை மலைநாடு முழுவதிலும் ஒரே ஒருவர்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. பேர்ப் பதிவில் நானே எழுதியிருக்கிறேன். ஆனால் தோட்டத்துக்கு அவர் கவ்வாத்து அண்ணன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. உலகத்தில் மற்றதையெல்லாம் அவர் அந்தக் கத்தியின் வழியாகத்தான் பார்த்தார். பிள்ளை பரீட்சையில் தவறினாலும், தேர் பள்ளத்தில் சாய்ந்தாலும், "வெட்டுன மலை அப்பிடித்தான் மொட்டையா நிக்கும். பொறுங்க, துளிர்க்கும்" என்பார். கூரை ஒழுகி நனைந்துகொண்டிருந்த ஒருவனிடமும் அதையே சொல்லி, அடி வாங்காமல் தப்பினார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கர்; பந்தாட்டச் சங்கத்துக்குச் செயலாளர். எங்கள் அணியில் எல்லாம் இருந்தது, கோலியைத் தவிர. இருந்த கோலி குட்டை. கொத்மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆறடிக்கு மேல் ஒரு கோலி இருந்தார். அவர்களுக்கோ எங்கள் லெப்ட் விங் 'முயல்' மேல் கண். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வோம் என்று யோசனை சொன்னேன். துரைமார் இருவரும் கிளப்பில் ஒரு கிளாஸ் காலியாவதற்குள் சம்மதித்துவிட்டார்கள்.

நான் மறந்தது ஒன்றுதான். தோட்டத்தில் ஆள் என்றால் ஆள் அல்ல, குடும்பம். தோட்டம் மாற, பேர் நீக்கித் தரும் பத்துச்சீட்டு வேண்டும். முயல் சீட்டு வாங்கினால் அவன் வீடே சீட்டு வாங்கும். அவன் அப்பா, அம்மாவுக்குச் சீட்டு எழுதினேன். தம்பிக்கு எழுதினேன். அவன் எங்கள் சென்டர் ஹாப். சின்னத் தம்பிக்கு எழுதினேன். அவன் ரைட் பேக். அக்கா புருஷனுக்கு எழுதும்போதுதான் பேனா நின்றது. அவன் எங்கள் கேப்டன். சீட்டுகளில் கையெழுத்து மட்டும் மிக அழகாக இருந்தது.

பதிலுக்கு வந்த லொறியிலிருந்து நெட்டைக் கோலி இறங்கினார். பின்னால் மனைவி, அம்மா, மாமியார், நாலு பெண் குழந்தைகள், ஒரு கூடைக் கோழி. பந்தை உதைக்கத் தெரிந்த ஒரு மச்சான்கூட இல்லை.

நெட்டை, உயரே வரும் பந்தைப் பலாப்பழம் பறிப்பதுபோல் பறிப்பார். எங்கள் மைதானமோ சரிவு. அங்கே பந்து பறக்காது, உருளும். கொத்மலை அணியுடன் முதல் ஆட்டத்தில் ஆறு கோல் அவருடைய காலடியில் உருண்டு போயின. அதில் மூன்று, முயல் போட்டது.

"ஆறுதான? இவன் இல்லாட்டிப் பன்னண்டு" என்றார் கவ்வாத்து அண்ணன்.

சொன்னதை நிரூபிக்கவும் இறங்கினார். அடுத்த ஆட்டத்துக்கு முதல் நாள் தனியாகப் போய், எங்கள் கோல் கம்பம் ஒன்றைப் பிடுங்கி நாலு முழம் உள்ளே தள்ளி நட்டுவிட்டார். முதல் பாதியில் நெட்டையைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும் என்பது அண்ணனுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பாதியில் எங்கள் பையன்கள் அடித்ததெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மூன்று கோலில் தோற்றோம்.

மறுநாள், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடியது.

"கிளாக்கரய்யா, தொரைகிட்ட சொல்லி இவனுக்குச் சீட்டு எழுதுங்க. வந்த வழியே போகட்டும்" என்றார் பெரிய கங்காணி.

நெட்டை சுவரோரமாக நின்றார். "அங்க நான் குடியிருந்த லயத்துக் காம்பராவுல இப்ப அந்த முயல் தம்பி குடும்பம் இருக்குங்க" என்றார். அவருடைய பெண்கள் தோட்டப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கவ்வாத்து அண்ணன் எழுந்தார். "வெட்டுன மலைய மறுநாளே பாத்தா..."

"நிறுத்துண்ணே! இவன் என்ன தேயிலையா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"டர்பன்டைன் மரம்!" என்றான் ஒருவன், தோட்டத்து ஓரத்தில் வானம் முட்ட நின்ற மரத்தைக் காட்டி. களம் சிரித்தது. எழுத வேண்டியவன் நான் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"சரி. போனவனுங்க நல்லா இருக்கானுங்க. வந்தவன் புள்ளைங்களும் நல்லா இருக்குங்க. அப்ப நட்டம் யாருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"நமக்கு!" என்றது கூட்டம்.

"நமக்கு ஞாயித்துக்கெழம ஒன்னரை மணி நேரந்தான நட்டம்? மிச்ச வாரத்துல என்ன கொறஞ்சு போச்சு?"

"பேச்ச விடுண்ணே. நீங்க எழுதுங்கய்யா" என்றார் கங்காணி.

"எழுதுங்க. அப்பிடியே எனக்கும் எழுதிடுங்க. என்கூட பதினோரு பேரு வருவாங்க."

களம் விரல் விட்டு எண்ணியது. பதினொன்றில் ஆறு பேர் கொழுந்தெடுக்கும் கைகாரிகள். இரண்டு பேர், எங்கள் அணியில் உருப்படியாகப் பந்தை உதைக்க மிச்சமிருந்தவர்கள். கங்காணி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது. நெட்டை போகவில்லை.

அதன்பின் நாலு வருஷம் நான் செயலாளராக இருந்தேன். கொத்மலை அணியை ஒரு தடவைகூட வெல்லவில்லை. என்னைப் பார்த்தாலே "நாலுக்கு ஒன்னு" என்று இருமுவார்கள். அண்ணன் மட்டும் ஒவ்வொரு தோல்விக்கும் வந்து, "நல்ல மாத்துங்கய்யா. பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு ஹட்டன் பக்கம் மாற்றலானபோது விடைபெற அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, தேத்தண்ணி கொடுத்தார்.

"என் முட்டாள்தனத்துக்கு இத்தனை வருஷம் முட்டுக் குடுத்தவரு அண்ணன் ஒருத்தர்தான்க்கா. அவரு மாதிரி ஆட்டத்தப் புரிஞ்ச ஆளக் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

"ஆட்டமா? அவருக்குப் பந்து எந்தப் பக்கம் போகணும்னே தெரியாதுய்யா" என்றார் அக்கா, அடுப்பை ஊதிக்கொண்டே. "மைதானத்துல ஆத்துப் பக்கத்துக் காத்து காதுல அடிச்சா அவருக்கு ராத்திரிபூரா வலிக்கும். பழைய கோலி குட்டப்பய, காத்த ஒன்னும் மறைக்கல. இந்த நெட்டப்புள்ள வந்து கோலுல நின்னாரு பாருங்க, அவரு முதுகுக்குப் பின்னாடியே போயி இவரு ஒக்காந்துக்குவாரு. காதுவலி போயே போச்சு."