கொக்கு ஜெயிச்சா மொட்டை

வாய்க்குள்தான் சொன்னாள் வைஜெயந்தி. ஆனாலும் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்ற அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்னடி சொன்னே இப்ப?"

"ஒண்ணுமில்லம்மா."

"மயிலம் முருகா, கொக்கு ஜெயிச்சா எங்கப்பாவுக்கு மொட்டைன்னு சொன்னே."

வைஜெயந்தி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொக்கு என்பது கெல்பர்ன் ஹெரான்ஸ். அமெரிக்க லீக் ஒன்றில் ஆடும் கால்பந்து கிளப். சட்டையில் கொக்குப் படம் இருந்ததால் வீட்டில் அந்தப் பெயர். அங்கே சாயங்காலம் ஆட்டம் தொடங்கினால் மரக்காணத்தில் பொழுது விடியும். யார் யாருக்குப் பந்தைத் தட்டினார்கள், எங்கே பறிகொடுத்தார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பதிய வேண்டும். பாண்டிச்சேரி கம்பெனி ஒன்று கொடுத்த வேலை. யாரிடமும் வாய் திறந்து பேச வேண்டாம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த வைஜெயந்திக்கு அதுவே சொர்க்கம்.

கொக்குதான் சரியில்லை. பறிகொடுத்ததைப் பதிந்தே அவள் விரல் தேய்ந்தது.

கம்பெனியில் ஆளுக்கு ஒரு கிளப். அது பிளே-ஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போனால் அடுத்த வருஷமும் வேலை. போகாவிட்டால் சீசனோடு முடிந்தது. வேலை முடிந்தால் வானூர் மாப்பிள்ளை திருமுருகன். இது அப்பா தங்கராசு போட்ட சட்டம்.

"கொக்கு பிளே-ஆஃப் போச்சுன்னா கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று அவர் தாராளமாகச் சொன்னதற்குக் காரணம், கொக்கு அப்போது இருந்த இடம். மிச்சமிருந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தால்தான் உண்டு.

அதற்கு முந்தின ஆட்டத்துக்கு ஒரு தேங்காய் வேண்டிப் பார்த்தாள். தோற்றது. அதனால் மூன்றில் முதல் ஆட்டத்துக்கு அளவைக் கூட்டினாள். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் தன்னுடைய கோலுக்குள்ளேயே பந்தை அடித்தான். கொக்கு ஜெயித்தது.

அப்பா உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயம் கேட்டுத் துண்டை உதறினார்.

"என் தலை. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வேண்டிக்கும்போது தலைக்காரரை யாராவது கேப்பாங்களா?" என்றாள் அம்மா பொன்னம்மாள். "உங்களுக்கு மூணு வயசுல போட்டாங்களே, கேட்டா போட்டாங்க?"

"இப்ப எலெக்‌ஷன்ல நிக்கிறேன்டி!"

உப்பு உற்பத்தியாளர் சங்கத் தேர்தல். கூனிமேடு வரைக்கும் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. போஸ்டரில் அவருடைய சுருட்டை முடி நெற்றியில் புரண்டது. ஆனால் முருகனிடம் தவணை கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை. மறுநாளே மயிலம் போய் வந்தார்.

"மொதலாளி" என்றான், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அய்யனார். "உங்களுக்கு எதிரா நீங்களே நிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

தேர்தலில் தோற்றார்.

அடுத்த ஆட்டத்தன்று விடியலில் லேப்டாப் முன்னால் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, இது ஜெயிச்சா கல்யாணம் இல்லை. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. பேச்சு பேச்சுதான். ஆனா என் முடி போச்சு, பதவி போச்சு. இப்ப இது தோத்துதுன்னா நான் எதுக்குடி மொட்டை போட்டேன்?"

பாதி ஆட்டத்தில் கொக்கு இரண்டு கோல் பின்தங்கியது. அப்பா சுற்றிலும் பார்த்தார். பாயில் தம்பி அரவிந்தன் தூங்கிக்கொண்டிருந்தான். கல்லூரி ஆண்டு விழாவுக்காக அவன் வளர்த்த முடி தலையணைக்கு வெளியே வழிந்து கிடந்தது. அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கொக்கு மூன்று கோல் போட்டது.

"தூங்குறவன் தலையையா நேந்துக்குவீங்க?" என்று எழுந்து கத்தினான் அரவிந்தன்.

"முழிச்சிருந்தா ஒத்துக்குவியாடா?"

"ஏய் அக்கா, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் உன் கொக்கைச் சுட்டுத் தின்னுடுவேன்!"

கடைசி ஆட்டத்துக்கு உப்பளமே ஜன்னலில் நின்றது. ஆளுக்கொரு கோல். டிரா போதாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தோத்தா வெள்ளிக்கிழமையே நிச்சயம்" என்றார் அப்பா, மொட்டையைத் தடவிக்கொண்டே.

வீட்டில் தலை தீர்ந்துவிட்டது. வைஜெயந்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அய்யனார் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"என்னைப் பாக்காதம்மா. மச்சினிச்சி கல்யாணம் இருக்குது."

"நான் வேணா நுனியில கொஞ்சம் வெட்டி பூமுடி குடுக்கறேன்டி" என்றாள் அம்மா.

"பூமுடிக்கெல்லாம் முழு கோல் கெடைக்காது" என்றான் அரவிந்தன்.

கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த மாப்பிள்ளை போட்டோ அப்போதுதான் வைஜெயந்தியின் கண்ணில் பட்டது. படிய வாரிய, அடர்த்தியான, எண்ணெய் மினுங்கும் முடி. அவள் எழுந்து நின்றாள். வகுப்பில் உள்ளேன் ஐயா சொல்லவே கூசியவள், தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"மயிலம் முருகா! கொக்கு ஜெயிச்சா வானூர் திருமுருகனுக்கு மொட்டை!"

"அடிப்பாவி! அது அடுத்தவங்க புள்ளைடி!"

"எனக்குத்தானே கட்டிவைக்கப் பாக்குறீங்க? அப்ப அந்தத் தலையில எனக்கும் பாத்தியதை உண்டு."

கார்னரிலிருந்து வந்த பந்து ஒரு கொக்கு வீரனின் தலையில் பட்டு உள்ளே போனது. ஜன்னலில் விசில் பறந்தது.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே வானூருக்கு போன் போட்டார். "பொண்ணு வேலைக்குப் போவணும்னு நிக்குதுங்க. மன்னிச்சிடுங்க" என்று முடித்துவிட்டார்.

ஆனால் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நேந்த தலை பாக்கி நிக்குது. வேணாம்னு சொன்ன மாப்பிள்ளைகிட்ட போய் முடியைக் குடுன்னு எப்படிடி கேக்கறது?"

"நான் கேக்குறேன்" என்றாள் வைஜெயந்தி. "எனக்கு ஜெயிச்சுக் குடுத்த முருகனுக்கு நான் பாக்கி வெக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் இரண்டு மொட்டைகளையும் ஒரு பழத்தட்டையும் கூட்டிக்கொண்டு வானூர் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் வைஜெயந்தி ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருமுருகனின் அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். வைஜெயந்தி உட்காரவில்லை.

"உங்க பையன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணுங்க..."

உள்ளே திரை விலகியது. திருமுருகன் வந்தான். மழித்த தலையில் சந்தனம் பளபளத்தது.

"முருகா!" என்று பொன்னம்மாள் கைகூப்பிவிட்டாள். வைஜெயந்திக்கு உடம்பு சிலிர்த்தது. மனப்பாடம் செய்த வாக்கியம் பறந்துபோய், "இவருக்கு எதுக்குங்க மொட்டை?" என்றுதான் வந்தது.

"அதை ஏம்மா கேக்குறே" என்றார் திருமுருகனின் அம்மா. "உங்கப்பா வேணாம்னு போன் பண்ண அடுத்த நிமிஷமே மயிலத்துக்கு ஓடிட்டான். உன் போட்டோவைப் பாத்த அன்னிக்கே, இந்தச் சம்பந்தம் எப்படியாவது நின்னுபோனா மொட்டை போடறேன்னு நேந்துக்கிட்டானாம்!"