எம்.டி. அறையில் நகராத கோடு

"இன்னும் நகரலையேய்யா!" என்று எம்.டி. போனில் கத்தினார்.

நகராதது, அவர் அறைச் சுவரில் பளபளக்கும் விற்பனைக் கோடு. பஸ் டிக்கெட் விற்கும் கம்பெனி அது. டிக்கெட் போகப் போகக் கோடு ஏறி இறங்க வேண்டும்.

போனின் இந்த முனையில் இருந்தவருக்கு ஆபீசில் 'பொட்டலம்' என்று பெயர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி சர்வரில் இறக்குவது அவர் வேலை. தற்காலிக வேலைதான். கோடு நகர்ந்தால் நிரந்தரம் என்று எம்.டி. வாக்குக் கொடுத்திருந்தார்.

"சார், என் லேப்டாப்புல நல்லாத்தான் ஓடுது..."

"உன் லேப்டாப்பை வெச்சா நான் கம்பெனி நடத்தறேன்? என் கோடு கூட்டத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது. நான் க்யூவுல நிக்கற ஆளா? அதுக்குத் தனி கோர் குடு!"

சர்வரில் எட்டு கோர்கள். எட்டு சமையல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புரோகிராமும் ஒரு கண்டெய்னருக்குள், அதாவது தனிப் பாத்திரத்துக்குள், உட்கார்ந்திருக்கும். எந்தச் சமையல்காரர் சும்மா இருக்கிறாரோ அவர் அதைக் கவனிப்பார். ஆனால், 'இவர் இந்தக் கண்டெய்னருக்கு மட்டும்' என்று எழுதிவைத்துவிட ஒரு ப்ளக்-இன் உண்டு. பொட்டலம் அதைக் கட்டி இறக்கினார். எம்.டி.யின் கோட்டுக்கு ஒரு கோர் சொந்தமாயிற்று.

"நகருதா சார்?"

"நீ சொல்லிட்டா நகர்ந்துடுமா?"

மறு பேக்கேஜில் நாலு கோர். டிக்கெட் விற்கும் புரோகிராம் மூச்சு வாங்கியது. எம்.டி.யின் கோடு அசையவில்லை.

"சார், ஒருவேளை உங்க ரூம்ல ஏதாவது..."

"என் ரூம்லயா? என் ரூம்ல இருக்கறது எதுவும் தப்பா இருக்காதுய்யா!"

அடுத்ததில் ஏழு கோர். மிச்சமிருந்த ஒற்றை கோரில் டிக்கெட், கணக்கு, சம்பளம் எல்லாம் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. பொட்டலத்தின் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, உங்க கம்பெனியில அம்மா வீட்டுக்கு டிக்கெட் போடறேன். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எனக்கே தலை சுத்துது."

"கொஞ்சம் பொறும்மா. நான் நிரந்தரமாகப் போறேன்."

"நீங்க நிரந்தரமாகறதுக்குள்ள நான் நடந்தே போய்ச் சேர்ந்துடுவேன்!"

லேப்டாப்பைப் பார்த்தார் பொட்டலம். கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, நேராகப் பாதாளத்துக்கு. அலறியடித்துக்கொண்டு எம்.டி. அறைக்கு ஓடினார்.

உள்ளே முதலீடு போட வந்த மூன்று பேர், கோட் சூட்டில். கணக்கு அதிகாரி ஏற்கெனவே கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சார், விற்பனை சுத்தமா படுத்துடுச்சு" என்றார் அந்த அதிகாரி.

எம்.டி. நாற்காலியில் சாய்ந்தபடி சுவரைக் காட்டினார். கோடு உச்சியில் ஜம்மென்று நின்றது.

"எங்கய்யா படுத்திருக்கு? கண்ணு தெரியலையா?" வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து இதே உயரம். ஊர்ல எவன் கோடு வேணா ஆடும். நம்ம கோடு ஆடாது. ஏழு கோர் முட்டுக் குடுத்துத் தாங்குது."

"உறுதின்னா இதுதான் உறுதி!" என்றார் வந்தவர்களில் ஒருவர், நெகிழ்ந்துபோய்.

"எல்லாம் இவரோட பேக்கேஜ்தான்." எம்.டி. பொட்டலத்தின் தோளில் கை போட்டார். இதுவரை 'ய்யா', இப்போது 'இவர்'. "கோடு நகரலையேன்னு திட்டினேன். நகராம நிக்கறதுதான் பெருமைன்னு இப்பத்தான் புரியுது. இன்னிலேர்ந்து இவர் நிரந்தரம்!"

லேப்டாப்பைத் திறந்து காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார் பொட்டலம். பிறகு அதை மெல்ல மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எம்.டி. பேனாவைத் திறந்தார்.

அப்போது கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, ஆளுயர அட்டைப்பெட்டியுடன் உள்ளே வந்தார் ஒரு மெக்கானிக்.

"சார், உங்க டி.வி. ரிப்பேர் முடிஞ்சுது, நான் கழட்டிட்டுப் போனப்போ சுவர் மொட்டையா இருக்க வேண்டாம்னு உங்க செக்ரட்டரி ஒட்டச் சொன்னாங்களே, அந்தக் கோட்டுப் போட்டோவைக் கிழிச்சுடலாமா?"