நீலசந்திரா என்னும் குக்கிராமம்

நியாயமான வட்டிக்குக் கடன் வேண்டுமென்றால் ஒருவர் முதலில் கிராமத்தில் வசிக்க வேண்டும். இது நான் சொல்வதல்ல. 'மண்வாசனை கிராமச் சமுதாய நியாயக் கடன் சங்கம்' தன் விதிப்புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் சொல்கிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. நகை வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம். கிராமம் மட்டும் வேண்டும்.

அந்தச் சங்கத்தின் அலுவலகம் பெங்களூரு விவேக் நகரில், லிப்ட் வைத்த கட்டிடத்தில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. உள்ளே ஏசி. சுவரில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம். மூலையில் ஒரு டப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'புஸ்' என்று மண்வாசனை அடிக்கும்.

நான் இருப்பதும் அதே பெங்களூருதான், நீலசந்திரா பகுதியில். இட்லி தோசை மாவு அரைத்து நாற்பது வீட்டுக்குக் கொடுக்கிறேன். ஒரு திங்கட்கிழமை கிரைண்டர் மோட்டார் புகைந்தது. ரிப்பேர்காரர் வந்து, திறந்துகூடப் பார்க்காமல், முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆயித்து அக்கா" என்று கன்னடத்தில் கதையை முடித்தார். புதிதாகப் பெரிய கிரைண்டர் வாங்க முப்பதாயிரம் ஆகும். என் வீட்டுக்காரர் சண்முகம் கூரியர் வண்டி ஓட்டுகிறார். அவர் சம்பளம் வாடகைக்கும் எங்கள் மகள் தர்ஷினி குடிக்கிற பாலுக்கும் சரியாகப் போய்விடும்.

இதில் அவசரம் என்னவென்றால், அதே வாரம் தெருமுனைக் கடையில் புது பிரிட்ஜ் வைத்து பாக்கெட் மாவு விற்க ஆரம்பித்தார்கள். ஒரு வீடு ஒரு மாதம் பாக்கெட் மாவுக்குப் பழகிவிட்டால் பிறகு நம் பக்கம் திரும்பாது. பக்கத்து வீட்டு பவுலின் அக்காவின் சின்ன கிரைண்டரில் அரைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு நாளைக்குப் பதினைந்து வீட்டுக்குத்தான் வரும்.

வங்கிக்குப் போனேன். முதலில் என் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மாவுக்கு ஏது சீட்டு? பிறகு அவர் சீட்டு. பிறகு கம்பெனிக் கடிதம். பிறகு அந்தக் கடிதத்தில் முத்திரை. பிறகு முத்திரை சரி, மேனேஜர் லீவு. இப்படிப் பதினொரு தரம்.

எங்கள் தெருவில் நாராயணசாமி அண்ணன் இருக்கிறார். பெயின்ட், ஆணி விற்கிற கடை. கூடவே அஞ்சு வட்டி. முப்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு வட்டி மட்டுமே போகும். சங்கத்தில் என்றால் முந்நூறு. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் முந்நூறு எது, ஆயிரத்தைந்நூறு எது என்று தெரிகிற அளவுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சங்கத்தில் கள அலுவலர் ஆராவமுதன் சார் உட்காரச் சொன்னார். மரியாதையான மனுஷர். களம் என்று பலகையில் போட்டிருந்தாலும் நாற்காலியில்தான் இருந்தார். காரணத்தை அவரே சொன்னார். சங்கத்து ஜீப் காலையில் கிளம்பினால் ஊர் எல்லையைத் தாண்டவே மத்தியானம் ஆகிவிடுகிறதாம். மத்தியானம் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பினால்தான் இருட்டுவதற்குள் வண்டியை ஷெட்டில் விடமுடியும். நான்கு வருஷமாகத் தினமும் போகிறார்கள், இன்னும் ஒரு கிராமத்தையும் பார்க்கவில்லை. மார்ச்சுக்குள் ஒரு கிராமத்துக்காவது கடன் கொடுத்தாக வேண்டும் என்று தலைமையகத்தில் கண்டிப்பு.

நான் உடனே, என் பிறந்த ஊர் திருப்பத்தூர் பக்கம் நிஜமான கிராமம் சார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு படிவத்தை எடுத்தார். ஏழு கேள்வி. ஐந்து தேறினால் கிராமம்.

எங்கள் ஊரில் தினமும் குழாயில் தண்ணீர் வரும். தார் ரோடு உண்டு. மினி பஸ் வாசலில் நிற்கும். வங்கி பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரில். ஆராவமுதன் சார் பேனாவை மூடினார்.

"இது கிராமம் இல்லையேம்மா. மன்னிச்சுக்கோங்கோ."

எழுந்திருக்கப் போனேன். ஏதோ தோன்றி, இப்போது இருக்கிற தெருவில் தண்ணீர் எப்படி என்று அவர் சும்மா கேட்டார்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் சார். மத்த நாள் காத்து வரும்."

"ரோடு?"

"இருந்தது சார். தண்ணி பைப்புக்குத் தோண்டினாங்க. மூடினதும் கேபிளுக்குத் தோண்டினாங்க. கேபிள் தோண்டும்போது பைப் உடைஞ்சது. அதுக்கு இப்பத் தோண்டறாங்க."

"கால்நடை?"

"மூணு மாடு. ஒண்ணு எங்க வீட்டு ஸ்கூட்டர்மேல சாஞ்சுதான் தூங்கும். அது எழுந்தாத்தான் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியும்."

கரண்ட், மழை வரும் என்று டிவியில் சொன்னாலே போய்விடும் என்றேன். பஸ் வராது, ஆட்டோக்காரர்கள் தெருப்பேரைச் சொன்னாலே சீட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள் என்றேன். ஆராவமுதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான கிராமத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை."

ஐந்து தேறிவிட்டது. ஆனால் ஆறாவது கேள்வியை விலக்க முடியாது, அது கட்டாயம். வங்கி ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். எங்களுக்கு வங்கி இருநூறு மீட்டர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். டப்பா 'புஸ்' என்றது.

எத்தனை தரம் போனீர்கள் என்று கேட்டார். பதினொன்று என்றேன். கால்குலேட்டரைத் தட்டினார். போக இருநூறு, வர இருநூறு. பதினொரு தரத்துக்கு நாலு கிலோமீட்டர் நானூறு மீட்டர்.

"ஒரு கடனுக்காக ஒரு பெண்மணி வங்கிக்கு நடக்கற தூரம்னுதான் விதியில இருக்கு. ஒரே நாள்ல நடக்கணும்னு எங்கேயும் இல்லை. இன்னும் ரெண்டு தரம் போயிட்டு வந்துடுங்கோ."

மறுநாள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போனேன். சாட்சிக்கு வங்கி வாசல் செக்யூரிட்டி, டிரேவர் என்கிற அண்ணனோடு செல்பி எடுக்க வேண்டும். அவருக்கு என்னைத் தெரியும். இன்னிக்கு என்ன பேப்பர் கொண்டாந்தே என்றார். ஒண்ணும் இல்லை அண்ணா, தூரத்துக்காக வந்தேன் என்றேன். வங்கிக்கு வருகிறவர்களில் காரணத்தோடு வந்த முதல் ஆள் நீதான் என்று சிரித்தார்.

அந்த வாரமே எங்கள் தெருவுக்குக் குக்கிராமச் சான்று வந்தது. ஆறு வீட்டுக்காரர்கள் அதை லேமினேட் செய்து மாட்டிக்கொண்டார்கள். என் கணக்கில் நாற்பது வீடு இருபத்தெட்டாகி இருந்தது.

அடுத்து, ஐந்து பெண்கள் சேர்ந்து குழுவாக வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். நான், பவுலின் அக்கா, மாடி வீட்டுச் சொந்தக்காரர் ருக்மிணி அம்மா, பூக்கட்டுகிற இரண்டு பேர். எல்லாருக்கும் ஆளுக்கொரு தேவை இருந்தது. பவுலின் அக்கா மகளுக்கு நர்சிங் பீஸ். ருக்மிணி அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

எங்களைப் பார்வையிடத் தலைமையகத்திலிருந்து ஸ்னேஹா மேடம் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கதர்ப் புடவை, கழுத்தில் களிமண் மணி, கையில் ராகி பிஸ்கட். தெருவில் தோண்டின பள்ளத்தைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "எவ்வளவு ஆதென்டிக்" என்றார். எங்களைப் பார்த்ததும் அந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. நாங்கள் ஐந்து பேரும் நைட்டியில் இருந்தோம்.

கிராமத்துப் பெண்கள் காட்டன் புடவை கட்டி, மண்பானை வைத்திருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார். எங்களிடம் பச்சைப் பிளாஸ்டிக் குடம்தான் இருந்தது. மண்பானை எங்கே கிடைக்கும் என்று விசாரித்ததில், பெரிய மால் ஒன்றில் கிடைக்கும், ஒன்று ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று தெரிந்தது. கடைசியில் ஸ்னேஹா மேடம் தன் வீட்டு வரவேற்பறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் குடை வைத்திருந்தாராம்.

மூன்று நாள் பயிற்சி. வராதவர்களுக்குக் கடன் இல்லை. காலை பத்திலிருந்து நாலு வரை. மாவு அரைக்கிற நேரமும் அதுதான். இருபத்தெட்டு பதினேழானது. அனாவசியச் செலவைக் குறைத்தால் கடனே தேவைப்படாது என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். வெளியே காபி குடிப்பதை நிறுத்தினால் மாதம் ஆறாயிரம் மிச்சமாகும் என்று படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எல்லாரும் கை தட்ட வேண்டும்.

பவுலின் அக்கா என் காதருகே, "ஆறாயிரத்துக்குக் காபி குடிக்கிற வீட்டுல வேலைக்குச் சேந்துட்டா நமக்குக் கடனே வேணாம்டி" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் உங்கள் சமுதாயத்தில் யாரிடம் செல்வீர்கள்?' என்று ஒரு கேள்வி.

இங்கேதான் நாங்கள் புத்திசாலிகள் ஆனோம். அஞ்சு வட்டிக்காரர்களைப் பிடித்து உள்ளே போடத்தான் பெயர் கேட்கிறார்கள் என்று ஐந்து பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டோம். ஐந்து பேரும் நாராயணசாமி என்று எழுதினோம். தப்பித்துவிடக் கூடாதே என்று ருக்மிணி அம்மா கடை நம்பர், போன் நம்பர், மத்தியானம் அவர் தூங்கும் நேரம் வரைக்கும் எழுதினார். கேட்ட அன்றே கொடுப்பார், பேப்பர் எதுவும் கேட்கமாட்டார், தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார் என்று நான் குற்றங்களை வரிசையாக அடுக்கினேன். ஸ்னேஹா மேடம் படிக்கப் படிக்கத் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கை தட்டினோம்.

பத்து நாள் கழித்து நாராயணசாமி அண்ணன் கழுத்தில் பட்டையோடு ஐடி கார்டு மாட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். 'அங்கீகரிக்கப்பட்ட சமுதாயக் கடன் வழங்குநர்' என்று போட்டிருந்தது. கீழே மண்வாசனைச் சங்கத்தின் முத்திரை.

நான் ஆராவமுதன் சாருக்கு போன் போட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். சங்கம் நேரடியாகத் தனி ஆளுக்குக் கடன் கொடுக்காது. சமுதாயத்தின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரிடம் ஒரு ரூபாய் வட்டிக்குப் பணத்தைக் கொடுக்கும். அவர் சமுதாயத்துக்குக் கொடுப்பார். அப்படிப்பட்டவரைத் தேடுவதுதான் எப்போதும் சிரமம். ஐந்துக்கு ஐந்து பேர் ஒரே பெயரை எழுதின ஊர் இந்தியாவிலேயே எங்களுடையதுதான் என்று தலைமையகத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். நம் வீட்டுக்கு வந்தவர் ஆயிற்றே.

"எவ்வளவு வேணும் தர்ஷினி அம்மா?"

"முப்பது. வட்டி எவ்வளவுண்ணா?"

"ஆறு."

"முன்னாடி அஞ்சுதானே?"

"அது என் சொந்தப் பணம்மா. இப்ப சங்கத்துக்கு ஒண்ணு கட்டணுமே. அஞ்சும் ஒண்ணும் ஆறு. நியாயமா பாத்தா, கார்டுக்கு போட்டோ எடுத்த காசையும் உங்க தலையிலதான் போடணும். நான் போடல."

பழைய மாதிரி சொந்தப் பணத்தில் அஞ்சு வட்டிக்கே கொடுங்களேன் என்று கேட்டேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம். அங்கீகாரம் வந்த பிறகு தனியாகக் கொடுத்தால் சட்ட விரோதமாம். கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

அன்றைக்கு என் கணக்கில் பதினொரு வீடு மிச்சம். தெருமுனைக் கடைக்காரர் இரண்டாவது பிரிட்ஜுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆறு வட்டிக்கு வாங்கினேன். ஐந்து பேரும் வாங்கினோம். ஸ்னேஹா மேடத்தின் பானையை நடுவில் வைத்து போட்டோ எடுத்தார்கள்.

கிரைண்டர் வந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசி, தேங்காய்ச் சட்னி இலவசம் என்று இரண்டு வாரம் கொடுத்து, கணக்கை மறுபடி முப்பத்தைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வட்டிக்கு வழி வேண்டுமே, கிலோ அறுபது ரூபாய் மாவை அறுபத்தைந்து ஆக்கினேன். சங்கத்தின் ஆண்டறிக்கையில் இதை 'கிராமப்புறப் பெண் தொழில்முனைவோரின் வருமானம் எட்டு சதவீதம் உயர்வு' என்று போட்டிருக்கிறார்கள். வாங்கித் தின்றவர்கள் கொடுத்தது அது. அவர்களைப் பற்றி அறிக்கையில் வரி இல்லை.

போன மாதம் ஆராவமுதன் சார் முதல்முறையாகக் களத்துக்கு வந்தார். ஜீப் இல்லை, நடந்து வந்தார். வியர்த்திருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தார். சங்கத்தின் பணம் முழுவதும் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றார். மகன் சுதீருக்குக் காலேஜ் பீஸ் கட்டக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

"உங்க சங்கத்திலேயே வாங்கலாமே சார்?"

"நான் ஜீவனஹள்ளியில இருக்கேன். அங்கே தினமும் தண்ணி வரது. பாழாப்போன ரோடையும் போன மாசம் போட்டுட்டான். நான் நகரவாசிம்மா, எனக்குத் தகுதி கிடையாது."

கொஞ்சம் தயங்கி, இந்தத் தெருவில் ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா, பேப்பரில் இருந்தால் போதும் என்றார். ருக்மிணி அம்மா பாவம் பார்த்து மாடிப்படிக்குக் கீழே விறகு போடுகிற இடத்தை எழுதிக் கொடுத்தார். குக்கிராமம் ஆனபிறகு வாடகை ஏறிவிட்டதால் இரண்டாயிரம் கூட.

நாராயணசாமி அண்ணன் அவருக்கு ஏழு என்றார். மாவு விற்கிறவள் என்றால் தினமும் காசு பார்க்கிறாள், ஆறுக்குக் கொடுக்கலாம். கடன் சங்கத்தில் வேலை பார்க்கிற ஆளை எதை நம்பிக் கொடுப்பது? அதனால் ஜாமீனும் வேண்டும் என்றார். எங்கள் குழுவில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆராவமுதன் சார் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படிக்கிற பையன் பீஸ் என்று சொன்ன பிறகு எப்படி முடியாது என்பது? போட்டோம்.

இப்போது சங்கத்துக்கு நல்லகாலம் வர வேண்டும், அங்கே எல்லாருக்கும் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும் என்று எங்கள் தெருவில் ஐந்து பெண்கள் வேண்டாத தெய்வம் இல்லை. பவுலின் அக்கா வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார். ஒன்று மகள் படிப்புக்கு. இன்னொன்று ஆராவமுதன் சாரின் இன்கிரிமென்ட்டுக்கு.