தோல் காத்த வீரரும் பழ ஈப் பெரும்படையும்

உலகோர் தோலென்று உரித்தெறிந்ததைச் செல்வமென்று பொறுக்கியெடுத்த பெருந்தகையே, வாழைத்தோல் வள்ளலே, வெள்ளரிக்காம்பின் காவலரே, குப்பைக்கூடையின் பரம வைரியே, வாழ்க நின் கொற்றம். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிறர் பார்வையைத் திருத்திவிட்டு, மாலையில் தம் வீட்டுச் சமையலறையைத் திருத்தப் புறப்பட்ட அம்மாவீரர் பொருத வெம்போரை இனி உரைப்போம். கேட்போர் மூக்கைப் பொத்திக்கொள்வது உசிதம்.

உருளைக்கிழங்குத் தோலை வறுத்து நொறுக்குத்தீனி என்று அறிவிப்பார். அதைத் தாம் ஒருவரே தின்றும் தீர்ப்பார். வாழைத்தோல் ஊறிய நீரைப் பால்கனியின் ஒற்றை ரோஜாச்செடிக்கு வார்ப்பார். செடியும் மறுத்துப் பேசாமல் மஞ்சளாகும். இவை யாவற்றுக்கும் மேலாக, ஆரஞ்சுத்தோலை வினிகரில் அமிழ்த்தி, அடுப்புமேடை துடைக்கவென்று வாரக்கணக்கில் கனியவைத்த பொன்னிறத் திரவம் ஒன்று கண்ணாடிச் சாடியில் ஒளிர்ந்தது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைத் தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

எஞ்சிய தோல்களெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் ஒரு வாளியில் துயின்றன. மட்குவதற்குக் காற்று வேண்டுமென்று வீரர் அதன் மூடியைச் சற்றே திறந்துவைத்த அன்றுதான் ஊழ் விழித்தது. கடுகினும் சிறிய, கணக்கில் அடங்காத பழ ஈப் பெரும்படை கருமேகமெனக் கிளம்பி, கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்காசிரியையின், அதாவது வீரரின் துணைவியாரின், தேநீர்க் கோப்பையை முற்றுகையிட்டு, அவர் கொட்டாவி விட்ட நல்ல நேரம் பார்த்து வாய்க்குள்ளும் புகுந்தது.

அம்மையார் கூச்சலிடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பிரகடனம் செய்தார்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இந்த வீட்ல ஒண்ணு ஈ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்க."

"நாலு ஈக்கு இவ்வளவு கோவமா?" என்றார் வீரர். கதவு சாத்திக்கொண்ட சத்தமே பதிலாயிற்று.

போனால் என்ன, பொழுதுக்குள் வந்துவிடுவாள் என்று வீரமாக முகம் கழுவப் போனவர், குளியலறையில் மனைவியின் பல்துலக்கி இருந்த இடம் காலியாக இருப்பதைக் கண்டார்.

பொங்கி எழுந்தார். செய்தித்தாளைச் சுருட்டி, இடியேறு விழுந்தாற்போல ஓங்கி அடித்தார். டம்ளர் வீழ்ந்தது, ஈ வீழவில்லை. இரு கைகளாலும் அறைந்து அறைந்து உள்ளங்கை சிவக்கப் பொருதார். அடுத்த வீட்டார் யாருக்கோ பாராட்டு விழா என்று எண்ணியிருக்கக்கூடும். பகைவரோ அவர் மூக்குக்கண்ணாடியின் மேலேயே அமர்ந்து இளைப்பாறினர்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இந்தச் சேனைக்குச் சோறிட்டு வளர்த்த மன்னன் வேறு யாருமல்லன், தாமேதான். வாளியைச் சுமந்து மாடியிறங்கினார். மண்வெட்டி இல்லாக் குறைக்குக் குழிக்கரண்டியையே ஆயுதமாக ஏந்தி, சுற்றுச்சுவரோரம் மண்ணைத் தோண்டி, தோல்களனைத்தையும் ஆழப் புதைத்தார். மேலேறி வந்து, சாடியின் பொன்திரவத்தைக் கிண்ணத்தில் கவிழ்த்தார். ஒரு சொட்டுச் சோப்பு விட்டார். நுனியில் துளையிட்ட காகிதக் கூம்பொன்றை நுனி கீழாக அதன்மேல் நிறுத்தினார். புளிப்பின் மணத்துக்கு மயங்கிய பகைப்படை வரிசை வரிசையாக உள்ளே நுழைந்தது; நுழைந்தவர் மீண்டிலர்.

மறுநாள் பகலுக்குள் வானம் தெளிந்தது. வீரர் போனை எடுத்தார்.

"ஈ போயிடுச்சு. நீ வா."

அம்மையார் வந்தார், கையில் ஒரு பெரும் தர்பூசணி. சமையலறையை மூலைமுடுக்கெல்லாம் சோதித்தார். வெற்றுச் சாடியைக் கண்டார். கத்தியை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"தோலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அந்த வெள்ளைப் பகுதிய அக்கா நேத்து சமைச்சா. நல்லாத்தான் இருந்துச்சு."

எட்டுத் திக்கும் முரசதிர, விண்ணோர் பூமாரி பொழிய, இழந்த நாட்டை ஒரு சொல்லால் திரும்பப் பெற்ற வேந்தனைப்போல் நெஞ்சு விம்மிய அம்மாவீரர், வாளென மின்னிய கத்தியை உயர்த்தி அப்பெருங்கனியை ஒரே வீச்சில் இரு கூறாக்கினார்.

தர்பூசணி அவ்வளவு இனிப்பாக இல்லை.