நாலு டயரும் வலமாகச் சுற்ற வேண்டும்

ஒரு மனிதன் கெட்டுக் குட்டிச்சுவராவதற்குக் குடியோ சீட்டாட்டமோ தேவையில்லை. சாப்பிட்ட கையோடு போனை எடுத்து, சேற்றில் ஜீப் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் போதும். நான் அப்படித்தான் கெட்டேன். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை நடத்துகிறவன் நான். அதுவரை நான் வண்டியோட்டிக் கடந்ததிலேயே படுபயங்கரமான இடம் எதுவென்றால், பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் பொரி வண்டிக்கும் பழ வண்டிக்கும் நடுவே இருந்த சந்துதான். ஆனால் அந்த வீடியோக்களைக் கொஞ்ச நாள் பார்த்ததும், காட்டாற்றில் பிறந்து கரடுமுரடில் வளர்ந்தவன் மாதிரி எனக்கு ஒரு நடையே வந்துவிட்டது. (கெஸ்ட் ஹவுஸ் மாடிப்படியைக்கூட முதல் கியரில் ஏறுவதாக நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.)

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. காரணத்தின் பெயர் குமரேசன். என் தங்கை மலரின் வீட்டுக்காரர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற மனிதர். அவர்களுடைய குலதெய்வக் கோயில் ஒரு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலருக்குப் பெண் குழந்தை பிறந்து, யாழினி என்று பெயர் வைத்துக் கோயிலில் பொங்கல் வைத்தபோது, என் சின்னக் கார் ஏரிக்கரை மண் ரோட்டில் புதைந்துவிட்டது. குமரேசன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கோயில் வாசலில் விட்டார். விட்டவர் சும்மா விட்டாரா? சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சானுக்கு சிமெண்டு ரோடு போட்டு வெச்சாதான் நம்ம பக்கம் வருவாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்ததாக யாழினிக்குக் காது குத்து வந்தது. காது குத்து என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் கொண்டுவரும் தோட்டைத்தான் போட வேண்டும். நான் ஒரே தாய்மாமன். மலர் போனில் சொன்னாள்: "ண்ணா, ராகு காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள குத்தணும்னு சொல்லிட்டாங்க. நீ லேட்டு பண்ணினா இவங்க பெரியப்பா மவன் மடியில வெக்கலாம்னு பேசிக்கறாங்க. எனக்கு அழுகையா வருது. தயவு செஞ்சு நேரத்துக்கு வந்துடுண்ணா."

நேரத்துக்குப் போக பஸ் இருக்கிறது. முதல் நாளே போய்த் தங்கலாம், அம்மா அப்படித்தான் போனாள். ஆனால் என் புத்தி எங்கே போயிற்று? பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக டயர் கடைக்குப் போயிற்று.

டயர் கடை பாய் ரொம்பப் பொறுமைசாலி. "சார், நீங்க தார் ரோட்டுலதான் ஜாஸ்தி ஓட்டுவீங்க. ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவா ஒரு டயரு கீது. அது போதும்" என்றார். நான் அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். எனக்கு வேண்டியது சேற்றுக்கென்றே செய்த மட் டயர். பெரிய பெரிய கட்டைகளாக, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி. அதோடு அகலமான அலாய் வீல், மட்கார்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "வெளிய நீட்டுனா சேறு மேல அடிக்கும் சார்" என்றார். "அடிக்கட்டும் பாய், அதுக்குத்தானே போறோம்" என்றேன். "சேத்துல எறங்கறப்ப காத்தக் கம்மி பண்ணிக்கோங்க" என்றார். நான் ஜாஸ்தி பண்ணச் சொன்னேன். காற்று நிறைய இருந்தால் டயர் நல்ல புஷ்டியாகத் தெரியும் அல்லவா?

இந்த அளவோடு நின்றிருந்தால் நான் சாதாரண முட்டாளாகப் போயிருப்பேன். என்னை வரலாற்றில் இடம்பெறச் செய்தவர் என் அப்பா.

அப்பா வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர். சுற்றிச் சுற்றி, உலகத்தில் எது சுற்றினாலும் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். காபியில் சர்க்கரையை இடமாகக் கலக்கினால் குடிக்க மாட்டார். வீட்டு ஃபேன் இடமாகச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தபோது ஒரு வாரம் விசிறியோடு படுத்தார். பிறகு, சாமி மேலிருந்துதானே பார்க்கிறார், மேலிருந்து பார்த்தால் அது வலம்தான் என்று அவராகவே சமாதானமாகி ஸ்விட்சைப் போட்டார்.

புது டயரோடு ஜீப் நின்றதும் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு கடைக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு டயருக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் இடது பக்கத்தில் குனிந்தவாறே நின்றுவிட்டார். டயரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருந்தது.

"டேய் சரவணா, இங்க வா. அந்தப் பக்கம் அம்பு வலமா போவுது. இந்தப் பக்கம் மட்டும் இன்னாடா எடமா போவுது?"

நானும் குனிந்து பார்த்தேன். ஆமாம், இடமாகத்தான் போயிற்று. (அந்த அம்பு எதற்கு என்று எனக்குத் தெரியாது. டிசைன் என்று நினைத்திருந்தேன். இத்தனை வீடியோ பார்த்ததன் லட்சணம் இது.)

"அய்யா, இந்த டயரு அம்பு காட்டுற பக்கம் சுத்துனாத்தான் சேத்தத் தள்ளும். எடது பக்கம் அப்படித்தான் சுத்தும்" என்றார் பாய்.

"அப்பிரதட்சிணமா? கொழந்தைக்குக் காது குத்தப் போற வண்டி, அப்பிரதட்சிணமா சுத்தறதா? எந்தப் பக்கம் சுத்தணும்னு இந்த ஊர்ல எங்களுக்கு நீ சொல்றியா பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் அது பெரிதாக நின்றது. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது. பாய் பெருமூச்சு விட்டு, இடது பக்கத்து இரண்டு டயரையும் கழற்றித் திருப்பிப் போட்டார். நாலு அம்பும் வலம். அப்பா திருப்தியாக எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

காது குத்து அன்று காலை ஜீப்பில் நானும் அப்பாவும் மட்டும். பின்னால் சீர்த் தட்டுகள், என் சட்டைப் பையில் தோட்டுப் பெட்டி. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் நல்ல மழை. ஆனாலும் ஏரிக்கரை ரோட்டுக்கு இப்போது ஜல்லி போட்டிருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. அதில் போயிருந்தால் நேரத்துக்கு முன்னாலேயே சேர்ந்திருப்போம். ஆனால் கரை மேலிருந்து பார்த்தால், ஏரிக்கு அந்தப் பக்கம் கோயிலும், பந்தலும், அதன் கீழே நின்ற குமரேசனும் தெரிந்தார்கள். கரை ரோட்டில் யார் வேண்டுமானாலும் போகலாமே! எல்லோரும் பார்க்க, தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கி நேராகப் போய் நின்றால் அல்லவா நான் தாய்மாமன்?

இறங்கினேன். பாதி ஏரி வரைக்கும் ஜீப் ராஜா மாதிரி போயிற்று. அதற்கப்புறம் களிமண் வந்தது.

வலது பக்கத்து இரண்டு டயரும் சேற்றை வாரி எறிந்துவிட்டு முன்னால் இழுத்தன. திருப்பிப் போட்ட இடது பக்கத்து இரண்டும் சேற்றைப் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு வழுக்கின. ஒரு பக்கம் இழுக்க, ஒரு பக்கம் வழுக்க, ஜீப் நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகத் திரும்பியது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்னும் வேகமாகத் திரும்பியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். அது பாட்டுக்கு இடப்பக்கமே போயிற்று. கோயில் ஒரு தடவை கண்ணெதிரே கடந்தது. பிறகு கரும்புத் தோட்டம். பிறகு மறுபடி கோயில்.

பந்தலில் இருந்தவர்களுக்கு இது புரியவில்லை. மாமன் ஏதோ வித்தை காட்டுகிறான் என்று நினைத்து விசிலடித்தார்கள். மேளக்காரர் வேறு உற்சாகமாகி அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜீப்புக்குள் அப்பாவுக்கு மட்டும்தான் விபரீதம் புரிந்தது.

"டேய்! சாமிக்கு எதிர்ல அப்பிரதட்சிணமா சுத்துறியேடா! வலப்பக்கம் திருப்புடா பாவி!"

"திருப்புறேன்ப்பா! வர மாட்டேங்குது!"

வெளியே நீட்டிக்கொண்டிருந்த அலாய் வீல் தன் கடமையைச் செய்தது. கதவில்லாத ஜீப். வாரி அடித்த சேறு முழுக்க என் மேல்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை, மூக்கு, வாய். கடைசியில் ஜீப் ஒரு முனகலோடு புதைந்து நின்றது. இறங்கினேன், ஒரு கால் தொடை வரை உள்ளே போயிற்று. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறி, பேய் முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிராக்டர் இருக்கிறதா என்று போனில் கேட்டேன். பாத்திரம் ஏற்றிவர ஊருக்குள் போயிருக்கிறது என்றார்கள். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மானம் போனதெல்லாம் இரண்டாம் பட்சம். மலர் அழுத குரல் காதிலேயே இருந்தது. எவனோ ஒருவன் மடியில் என் தங்கை குழந்தை உட்காரப் போகிறது, நான் ஏரி நடுவில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்கப் போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (சேறு பட்டதால் என்று அப்பாவிடம் சொன்னேன்.)

துடைத்துவிட்டு நிமிர்ந்தால், பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மலர் சேற்றில் நடந்து வருகிறாள். அவள் பின்னால் காது குத்துகிற பத்தர், கருவிப் பெட்டியைத் தலைமேல் வைத்தபடி. அவர் பின்னால் குமரேசன். அதற்குப் பின்னால் ஒரு ஊரே.

மலர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள். அவளும் டிராக்டர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் அல்லவா, டயரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "ண்ணா, எடது பக்கம் ரெண்டும் திருப்பி மாட்டிக்கீது. யார் வேல இது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

"ஃபேனுக்கு சொன்னதையே டயருக்கும் சொல்லியிருக்கலாமேப்பா? உள்ள உக்காந்து பாத்தா எடது பக்கமும் வலமாத்தானே சுத்தும்?"

அப்பா யோசித்தார். "அப்போ வலது பக்கம்?" என்றார் கவலையாக.

"சரி, அதப் பொறவு பாக்கலாம். கோயிலுக்குத் திரும்பி நடந்தா நேரம் தாண்டிடும். பத்தரே, இங்கயே குத்துங்க" என்றாள் மலர். "கோயில் இங்கருந்து தெரியுது இல்ல? சாமிக்கும் நம்ம தெரிவோம்."

அப்பாவைப் பின்னால் அனுப்பிவிட்டு நான் இடது பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தேன். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். என் கையும் மடியும் இருந்த லட்சணத்தில் எருமைகூட உட்கார யோசிக்கும். கையை இழுத்துக்கொண்டேன். அப்போது குமரேசன் தோளில் போட்டிருந்த புதுப் பட்டுத் துண்டை எடுத்து என் மடியில் விரித்தார். நாலு மூலையையும் இழுத்துவிட்டார். "உக்காருங்க மச்சான், நல்லா சாஞ்சி உக்காருங்க" என்றார். அந்த நிமிஷத்தில் அந்த மனிதர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

"கெழக்கு எந்தப் பக்கம்?" என்று பத்தர் கேட்டார். எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்பா பின்னாலிருந்து கத்தினார்: "வண்டி நேரா கெழக்கதான் பாத்து நிக்குது! பாத்தியாடா? அம்பு வலமா இருந்ததுக்குப் பலன்!"

உண்மையிலேயே கிழக்குதான். இன்றைக்கு வரை அப்பாவை அந்த விஷயத்தில் யாராலும் அசைக்க முடியவில்லை.

இடது காது ஒழுங்காக முடிந்தது. யாழினி வீலென்று அலறினாள், வாயில் சர்க்கரையைப் போட்டதும் நிறுத்தினாள். பத்தர் டிரைவர் சீட்டில் ஏறி வலது காதில் ஊசியை வைத்த நேரம், மகள் முகத்தைப் பார்க்கிற ஆசையில் குமரேசன் இடது பக்கத்து ஃபுட்போர்டில் ஏறினார். ஜீப் பொதக்கென்று அந்தப் பக்கம் சாய்ந்தது. பத்தர் கை நகர்ந்தது. ஓட்டை ஒரு நெல் அளவு கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் ராகு காலத்துக்கு முன்னால், என் மடியில், நான் கொண்டுபோன தோடு இரண்டு காதிலும் ஏறியது. மலர் என் சேற்றுத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இந்தத் தடவை சேற்றின்மேல் பழி போடவில்லை.

ஓட்டை கோணலானதற்கு உங்கள் டயர்தான் காரணம் என்று குமரேசனும், உங்கள் உடம்புதான் காரணம் என்று நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஜிமிக்கி போட்டால் வலது பக்கம் லேசாகத் தாழ்ந்து தொங்கும். அதனால் போட்டோ என்றாலே தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து இரண்டையும் மட்டமாக்கிக்கொள்வாள். நகைக் கடையில் சரியாகக் குத்திக்கொள்ளலாம் என்று குமரேசன் ஒரு தடவை சொன்னதற்கு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

போன பொங்கலுக்குக் குடும்பமாகப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனோம். "பாப்பா, தலைய நேரா வை" என்றார் போட்டோகிராபர். "வேணாம்!" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம். குமரேசன்தான் முதலில் தன் தலையை இடப்பக்கம் சாய்த்தார். அப்புறம் மலர், அம்மா, நான். அப்பா எந்தப் பக்கம் என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு சாய்த்தார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் கோணலாக மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு, அதை நேராக்கிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.