கிளட்ச் மேல் ஒரு அங்குலக் கட்டை

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, அண்ணனுடைய வண்டி மூவரும் சுகம். அதில் வண்டிக்குச் சுகம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அங்கே உன்னையும் மாப்பிள்ளையையும் சளி, காய்ச்சல், சண்டை, சச்சரவு எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். நிற்க.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உங்கப்பா போன பிறகு, நீ ஊருக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியை என் கையில் வைத்து, "பாத்துக்குங்க சித்தப்பா" என்றாயே, அந்த நிமிஷமே வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்மை ஒரு வழி பண்ணாமல் விடாது, அதுவும் கிளட்சில்தான் ஆரம்பிக்கும்" என்று உன் சித்தியிடம் சொன்னேன். அப்படி ஒன்றும் காதில் விழவில்லை என்கிறாள். சொன்னவன் நான், கேட்காதவள் அவள், குற்றம் யார் மேல் என்று நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே "சரி சித்தப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது கிடந்த இடத்திலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கையெழுத்து ஆடுகிறதே என்று கவலைப்படாதே. எனக்கு நடுக்கம் கிடையாது, மேஜைதான் ஆடுகிறது; அதற்குக் காரணம் பின்னால் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். "பத்து மாசத்துல மூணு தடவ கிளட்ச் போன வண்டி எதுக்கு சித்தப்பா, திங்கக்கெழம பழைய இரும்புக்காரர் வருவாரு, குடுத்துடுங்க, அப்பா இல்லாத வீட்டுக்கு வர எனக்கும் கால் வரல" என்று சொன்னாய். இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கைக்கு வந்து, நீ அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இது ஒன்றுக்காகத்தான் இவ்வளவு மையும் செலவாகிறது.

முப்பது வருஷம் உங்கப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் என்பது உனக்கே தெரியும். ஆனால் சாவி கைக்கு வந்த பிறகு பதினோரே நாளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள், கற்றுக்கொடுத்தவர், "இனிமே நீங்கதான் சார் எனக்குச் சொல்லித் தரணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். உன் சித்தியைக் கேட்டால், "இவருக்கு வண்டியில தெரிஞ்சது ஹாரன் மட்டுந்தான்" என்பாள். வயிற்றெரிச்சல். அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புகிறேன். போக ஏழு, வர ஏழு, ஆகப் பதினாலு கிலோமீட்டர். ஏன் பஸ் ஸ்டாண்டு என்றால், வயதான வண்டிக்குப் பழகிய பாதைதான் ஒத்துக்கொள்ளும். நீ லீவுக்கு வரும் சனிக்கிழமைகளில், பத்து மணி பஸ்ஸுக்கு உங்கப்பா உன்னைக் கூட்டிவரப் போவாரே, கடிகாரத் தூண் வரைக்கும், அதே பாதை.

ஓட்டத் தொடங்கும் முன் நான் செய்த முதல் சீர்திருத்தம், கிளட்ச் பெடல் மேல் இருந்த கட்டையைக் கழற்றியது. உங்கப்பாவுக்கு இடது கால் ஒரு அங்குலம் குட்டை. பெடல் முழுதாக அமுங்காது என்று தச்சரிடம் சொல்லி ஒரு அங்குலத் தடிமனில் தேக்குக் கட்டை செய்து, அதன் மேல் சைக்கிள் டயர் துண்டை ஒட்டி, இரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். எனக்கோ பனைமர உயரம். பனைமரத்துக்கு எதற்குப் பொய்க்கால் என்று கழற்றி, ஆடிக்கொண்டிருந்த இந்த மேஜைக்காலுக்கு அண்டக் கொடுத்தேன். மேஜை மலை மாதிரி நின்றது. அதற்குப் பிறகு இரண்டாம் மாசம், ஒரு சனிக்கிழமை முற்பகல், ஷெட்டில் தலைமயிர் கருகின மாதிரி ஒரு வாடை.

கிளட்ச் என்றால் என்ன என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே வைத்துக்கொள். இன்ஜினும் கியர் பெட்டியும் ஓரகத்திகள். இருவரையும் சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும் கிளட்ச் என்கிற மாமியார். பெடலை முழுசாக அமுக்கினால் இருவரும் தனித்தனி, விட்டால் ஒன்று. அரைகுறையாக அமுக்கினால் பிரியாமலும் சேராமலும் உரசி உரசி, நடுவில் இருக்கும் பிளேட் புகைந்து போகும். எந்தப் புத்தகத்திலும் இப்படி இருக்காது.

நம் மெக்கானிக்கை உனக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேசாததால் தெருவே அவரை மௌனசாமி என்றுதான் கூப்பிடுகிறது. முதல் தடவை வந்து கேபிளைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், "பிளேட் போச்சு" என்றார். மாற்றினார். ஐந்தாம் மாசம் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. அதே சனிக்கிழமை, அதே வாடை. இந்தத் தடவை பிளேட்டோடு கேபிளும் ரிலீஸ் பேரிங்கும் புதுசு. எட்டாம் மாசம் மூன்றாவது தடவை. அன்றைக்கு நானே அவர் பட்டறைக்குப் போனேன். கியர் பெட்டியை இறக்கி, கழற்றின பிளேட்டைத் தரையில் பழைய பேப்பர் விரித்து அதன் மேல் வைத்திருந்தார். முதல் இரண்டு பிளேட்டையும் ஆணியிலிருந்து எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி கருத்து, ஒரே மாதிரி தேய்ந்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. மௌனசாமி அன்று மட்டும் அணையை உடைத்தார்.

"இந்த பிளேட்டு அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் சார். மீட்டர்ல பாத்தா எரநூறுகூட ஓடல. இது வண்டிக் கோளாறு இல்ல. பெடல முழுசா அமுக்காம ஓட்டுறாங்க. கியர் பல்லுகூட அடி வாங்கியிருக்கு."

"எவ்வளவு அமுக்கல?" என்றேன், நிபுணன் நிபுணனைக் கேட்கும் தோரணையில்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கிக் காட்டினார். நடுவில் ஒரு அங்குலம்.

எனக்கு ஒன்றும் இல்லை. என் முழங்கையில் மயிர் எழுந்து நின்றது பட்டறைக் காற்றினால். புது பிளேட்டைப் போட்டு வண்டியை ஷெட்டில் விட்டவர், பெடல் ரப்பர் முழுக்கச் சாக்பீஸைத் தடவிவிட்டு, "அடுத்த சனிக்கெழம வந்து பாக்குறேன். அது வரைக்கும் ஷெட்ட யாரும் தொறக்க வேணாம்" என்றார். ஒரு விஷயத்தை அவரிடம் நான் அதுவரை சொல்லவில்லை, உன்னிடமும்தான். நான் என் காலுக்கு ஏற்றபடி சீட்டைப் பின்னால் தள்ளி வைப்பேன். அடுத்த முறை பார்த்தால் அது இரண்டு பல் முன்னால் வந்திருக்கும், உங்கப்பா உட்காரும் இடத்துக்கு. லாக் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மௌனசாமி கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தார், லாக் அசையவில்லை. அப்புறம் எதிர்வீட்டுப் பூனை. வாரம் முழுக்க ஷெட் பக்கமே வராது. சனிக்கிழமை முற்பகல் மட்டும் வென்டிலேட்டர் வழியாக இறங்கி, பானெட் மேல் வயிறு பதிய நீட்டிப் படுத்துக்கொள்ளும். பூனை எதற்கு அப்படிப் படுக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வென்டிலேட்டரோ வடக்குப் பார்த்தது; வெயில் நுழைய ஷெட்டில் வேறு ஒரு பொத்தல்கூடக் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூவரும் ஷெட்டைத் திறந்தோம். பூனை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனது. மௌனசாமி டார்ச்சைப் பெடல் மேல் அடித்தார். சாக்பீஸ் கலைந்திருந்தது, ஆனால் மேல் ஓரத்தில் மட்டும். பாதம் பதிந்த அடையாளம் இல்லை, ஐந்து விரல் நுனி மட்டும் வரிசையாக, எட்டி எட்டி வழுக்கின மாதிரி. உன் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உங்கண்ணன் அலமாரி மேல்தட்டுல சாமான் எடுக்குறப்போ இடது கால் இப்படித்தான் நுனியில நிக்கும்" என்றாள். நான் அதட்டி அவளை அடக்கினேன். உண்மையில் குரல் வரவில்லை, கையால்தான் அதட்டினேன்.

"யாரு சார் ஓட்டுறது?" என்றார் மௌனசாமி.

"நான்தான். சனிக்கிழமை தோறும்."

அவர் என் செருப்பைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், கையைத் துணியில் துடைத்தார். "நீங்க இல்ல" என்றார். அதோடு அன்றைய வார்த்தைக் கணக்கை முடித்துக்கொண்ட மாதிரி வாசலில் போய் நின்றார். உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள் என்றதற்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

உன் சித்திதான் வீட்டுக்குள் போனாள். மேஜை தடாலென்று சாய்ந்த சத்தம் கேட்டது. கட்டையோடு திரும்பி வந்து, "அவரோடத அவருக்கே மாட்டுங்க மொதல்ல. வருஷம் முழுக்க அந்த மனுஷன எட்டி எட்டி மிதிக்க விட்டீங்களே" என்று என்னைச் சொன்னாள், மௌனசாமி முன்னாலேயே. அவர் கதவுக்கு வெளியே மண்டி போட்டபடியே கையை மட்டும் உள்ளே நீட்டி இரண்டு போல்ட்டையும் முடுக்கினார். அது ஆயிற்று மூன்று வாரம். மூன்று சனிக்கிழமை போய்விட்டது, மீட்டரில் நாற்பத்திரண்டு கூடியிருக்கிறது, வாடை இல்லை, கியர் சத்தம் இல்லை, போன வாரம் அடியில் படுத்துப் பார்த்த மௌனசாமி, "புத்தம் புதுசு" என்றார்.

இதைப் படித்துவிட்டு நீ பயந்து, இரும்புக்காரரைத் திங்களுக்குப் பதில் ஞாயிறே வரச் சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எனக்கு இடது முழங்காலில் ஒரு வருஷமாக வலி. ஊன்றி மிதிக்க முடியாமல் விரல் நுனியால் மிதித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் வைத்த வாரமும் பழக்கதோஷத்தில் யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போய்விட்டேன். கௌரவம் தடுத்ததால் மௌனசாமியிடம் வலியைச் சொல்லவில்லை. சீட்டை இழுத்துக்கொண்டதும் அதே காலுக்காக. கட்டை வந்ததும் எனக்கும் எட்டுகிறது, வண்டியும் பிழைத்தது. கோளாறு தீர்ந்த வண்டியை யாராவது இரும்புக்குப் போடுவார்களா? ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. உங்கப்பா கை பட்டுத் தேய்ந்த கியர் குமிழை எவனோ சம்மட்டியால் அடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் தொட்டது துலங்கி, நினைத்தது நடந்து, எந்த மேட்டிலும் பின்னுக்கு உருளாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். உன் சித்தி பசை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதினது எழுதினீங்க, அந்த ஒண்ண மட்டும் நெசமா எழுதிடுங்க. அவ அப்பா விஷயம், அவளுக்குத் தெரியணும்" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். அந்தப் பதினோரு நாள் நான் கட்டியது. இரண்டு நாள் போனேன், மூன்றாம் நாள் கற்றுக்கொடுப்பவர் வரவேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, நின்ற வண்டியில் சீட்டைத் தள்ளி உட்கார்ந்து ஹாரன் மட்டும் அடிப்பேன். முழங்காலும் நன்றாகத்தான் இருக்கிறது. மாசம் ஒரு தடவை மௌனசாமி வந்து இருந்த இடத்திலேயே இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பதோடு சரி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் உன் சித்தியும் பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போவோம், திரும்பப் பதினொன்றரை ஆகும், சாவி என் சட்டைப் பையில் இருக்கும். வந்து பார்த்தால் பூனை பானெட் மேல், மீட்டரில் பதினாலு கூடியிருக்கும். மற்றதெல்லாம் நான் எழுதியபடியே.

ஆகவே மகளே, நீ வருவதாக இருந்தால் சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸிலேயே வா. இறங்கியதும் வாடகை வண்டி எதுவும் பிடித்துவிடாதே. கடிகாரத் தூணுக்குக் கீழே வழக்கம்போல் ஐந்து நிமிஷம் நில். கட்டையைத்தான் திரும்ப மாட்டிவிட்டோமே, கியர் மாற்றும்போது குலுங்காது.