கதவுக்குக் கன்னடம்தான் புரியும்

பெங்களூரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஒரு பஸ்ஸிடம் அதன் தாய்மொழியில் பேசத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் நிதானா. வீட்டில் வைத்த பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. ஸ்க்ரூ திருகும்போதெல்லாம் அதைப் பார்த்து "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் சமாதானம் சொல்வார். அதுவே பெயராகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஓர் இலவசக் கண் பரிசோதனை பஸ்ஸில் டோக்கன் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஏதோ ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றி ஓய்ந்த பஸ் அது. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு டாக்டருக்கு நாற்காலி, எழுத்து அட்டை, மருந்து பீரோ எல்லாம் வைத்தார்கள். பீரோ அவசர வழியை அடைத்துக்கொண்டது. காற்றழுத்தத்தில் மடங்கித் திறக்கும் கதவை மட்டும் மாற்றவில்லை. இஷ்டமிருந்தால் திறக்கும்.

மெக்கானிக் நிதானாவின் கணக்குப்படி, இன்ஜின் தமிழ்நாட்டில் செய்தது, அதனால் தமிழ். பாடி கட்டியது பெங்களூர் பீன்யாவில், ஆகவே கதவுக்குக் கன்னடம். பிரேக் பார்த்தவர் சிவாஜிநகர் பாய், எனவே உருது. இங்கிலீஷ் எதற்குப் புரியும் என்று கேட்டேன். ஹாரனுக்கு என்றார், சிரிக்காமல்.

நிதானா பெங்களூர் நீலசந்திராப் பகுதித் தமிழர்தான். ஆனால் கன்னடக்காரர்களே அவரிடம் கன்னடத்தில் சந்தேகம் கேட்பார்கள். கடை போர்டில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால், எழுதிய பெயின்டரைத் தேடிப்போய்ச் சண்டை பிடிப்பார். நான் கன்னடம் பேசினால் காதைப் பொத்திக்கொள்வார்.

ஒரு முகாமில் அந்தக் கதவு டாக்டரம்மாவை முக்கால் மணி நேரம் உள்ளே பூட்டிவிட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் வரமாட்டேன் என்றார் அவர். இன்னொரு முறை இப்படி ஆனால் நீ ஊருக்கு மூட்டை கட்டலாம் என்றார் மேனேஜர், என்னிடம். கதவுக்கும் டோக்கனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க முடியுமா? வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கதவைக் கழற்றி ஃபிரேமை நிமிர்த்தினால்தான் சரியாகும் என்று நிதானா சொல்லிப் பார்த்தார். எழுத்தில் அனுமதியில்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவரும் எண்ணெய் விட்டு, கதவோடு நெடுநேரம் பேசினார்.

அடுத்த முகாம் அத்திபெலேயில். டாக்டரம்மா ஏறினார், கதவு மூடியது. மூடியதுதான். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பதற்றத்தில், கதவுக்குக் கன்னடம் என்பதுதான் நினைவுக்கு வந்தது போலும். "பாகிலு தெகீரி" என்று கத்திவிட்டேன், கதவைத் திறங்கள் என்ற அர்த்தத்தில்.

நிதானா ஸ்பேனரோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெகீலா, செஞ்சிடட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

தெகீரி, தெகீரி என்று இன்னும் இரண்டு முறை கத்தினேன்.

கன்னடத்தில் திறப்பதற்கும் அதே சொல், கழற்றுவதற்கும் அதே சொல். இது எனக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கதவு முழுசாகச் சாலையோரம் படுத்திருந்தது. டாக்டரம்மா இறங்கி வந்து கதவைப் பார்த்தார், கதவு இருந்த இடத்தைப் பார்த்தார். இப்படியே இருக்கட்டும் என்று சொல்லி மறுபடி ஏறிக்கொண்டார். வாசலில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு முகாமை முடித்தோம். அன்றைக்குத் தப்பித்தேன்.

மறுநாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷம். கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார். ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நான் வாயைத் திறந்தேன். நிதானா முந்திக்கொண்டார்.

"சாரு தொறக்கத்தான் சொன்னாரு. நான்தான் கழட்டச் சொல்றாருன்னு நெனச்சிக்கினேன். கன்னடம் எனக்குக் கொஞ்சம் வீக்கு சார்."

மேனேஜருக்குக் கோபம் போய்விட்டது, வாத்தியார் ஆகிவிட்டார். அந்தச் சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று நிதானாவுக்குக் கால் மணி நேரம் கன்னடப் பாடம் எடுத்தார். அதில் எனக்கே தெரிகிற மாதிரி நாலு தப்பு. நிதானா கை கட்டி நின்று, ஒவ்வொன்றுக்கும் சரி சார் என்று தலையாட்டினார். ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.